ஈயம் வைத்துக் கட்டிய கியர்

எங்கள் உப்பளத்துக்குப் புது வண்டி வந்த அன்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். எதற்கு இதில் மூன்று கியர் குச்சி? நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எனக்கே பாதிதான் தெரியும்.

அதற்கு முன்பு எங்கள் முதலாளியிடம் இருந்தது பட்டாளத்தில் கழித்துவிட்ட பழைய ஜீப்பு. திண்டிவனத்துப் பட்டறை ஒன்றில் அதன் பின்பக்கத்தை அறுத்து, தகரத் தொட்டி வைத்துப் பிக்கப் மாதிரி ஆக்கியிருந்தார்கள். வளைவில் திரும்பினால் தொட்டி ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமும் போகும். முன் சக்கரத்துக்குப் போகிற இழுவைச் சாமான்களை எங்களிடம் வருவதற்கு முன்பே யாரோ கழற்றி விற்றிருந்தார்கள். அதை ஏழு வருஷம் ஓட்டினேன். அதனால், கம்பெனியிலேயே பிக்கப்பாகச் செய்து, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்று வாங்கப்போகிறேன் என்று முதலாளி சொன்னதிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

நானும் கணக்குப்பிள்ளையும் மெட்ராஸுக்குப் போய் அதை எடுத்து வந்தோம். விற்கிற இடத்தில் ஒருவர் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, பாதி இங்கிலீஷும் பாதி தமிழுமாக வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார். நீளமான குச்சி வழக்கமான கியர். அதற்குப் பக்கத்தில் இருப்பது முன் சக்கரத்தையும் சேர்த்து இழுக்க வைப்பது. மூன்றாவது, மெதுவாகவும் பலமாகவும் இழுப்பதற்கு. முன் சக்கரத்தைச் சேர்த்த பிறகுதான் அந்த மூன்றாவது விழும். எப்போது போட வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது.

"புரிஞ்சுதா டிரைவர்?"

"புரிஞ்சுதுங்க சார்."

புரியவில்லை. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். பக்கத்தில் கணக்குப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். ஏழு வருஷம் வண்டி ஓட்டியவன் இதைக்கூடக் கேட்கிறானே என்று நினைப்பார் என்று விட்டுவிட்டேன். ஒரு புத்தகமும் கொடுத்தார்கள். அது முழுக்க இங்கிலீஷ். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை, தமிழில். புத்தகம் முதலாளியின் பீரோவுக்குள் போனது. பிறகு அதை நான் பார்க்கவில்லை.

அந்த வண்டியால் யாருக்கு என்ன ஆக வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆபீசும் குடோனும் தார் ரோட்டோரம் இருந்தன. கடைசிப் பாத்திகள் அங்கிருந்து இரண்டு மைல் தள்ளி, உப்பங்கழி ஓரமாக. அங்கே நாற்பது பேர் வேலை செய்தார்கள். என் மனைவியும் அதில் ஒருத்தி. அந்தப் பக்கம் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான் ஊறும். குடிக்கிற தண்ணீர் ஆபீசுக்குப் பின்னால் மணல்மேட்டுக் கிணற்றிலிருந்துதான் போயாக வேண்டும். சித்திரை மாதத்தில் உப்பு வாருகிறவர்களுக்கு வெயில் மேலிருந்தும் வரும், கீழே வெள்ளையாகக் கிடக்கிற உப்பிலிருந்தும் வரும். தண்ணீர் வரத் தாமதமானால் கொண்டுபோன கூழைக்கூடக் கரைத்துக் குடிக்க முடியாது. வாய் ஒட்டிக்கொண்டுவிடும். பேச்சு நின்றுவிடும். தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும். பேச்சுச் சத்தம் இல்லாமல் உப்பு வாரும் பலகையை இழுக்கிற சத்தம் மட்டும் கேட்கும்.

முன்பெல்லாம் அளத்து மாட்டு வண்டியில் ஒரு டிரம் தண்ணீர் போகும். ஒன்பது, ஒன்பதரைக்குப் போய்ச் சேரும். புது வண்டி வந்த வாரமே முதலாளி அந்த ஜோடி மாட்டை வானூர்ச் சந்தையில் விற்றுவிட்டார்.

"நாலு சக்கரமும் இழுக்கிறப்ப எட்டுக் காலுக்கு வேற எதுக்குப்பா தவிடு வைக்கணும்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வரப்பு வழியாகவே கடைசிப் பாத்தி வரைக்கும் வண்டி போய்விடும், ஒரே ஒரு இடத்தைத் தவிர. முக்கால்வாசித் தூரம் போனதும் வரப்பு ஒரு புயலில் அறுந்து கிடந்தது. அங்கே கீழே இறங்கி, நூறு கெஜம் வெறும் தரையில் போய், மறுபடி ஏற வேண்டும். அதற்கு இறக்கம் என்று பெயர். மேலே பார்த்தால் வெள்ளை வெளேர் என்று காய்ந்து, சிமெண்டுத் தரை மாதிரி இருக்கும். அந்தக் காய்ந்த பொருக்கு விரல் கனம்தான். அதன் கீழே கறுப்புக் களிமண், கேழ்வரகுக் களி பதத்தில். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கழியில் தண்ணீர் ஏறுகிற நாட்களில் அது இன்னும் இளகிவிடும்.

முதல் இரண்டு மாதம் நான் அந்த இறக்கத்தில் ராஜா மாதிரி போனேன். வரப்பிலிருந்து இறங்குவதற்கு முன்பே நிறுத்தி, இரண்டாவது குச்சியை முன்னால் தள்ளுவேன், பிறகு மூன்றாவதை. அதற்குப் பிறகு வண்டியின் சத்தமே மாறிவிடும். ஆள் நடக்கிற வேகத்தில், எங்கும் நிற்காமல், திருப்பாமல், நேரே போக வேண்டும். பின் சக்கரம் தள்ளுவதும் முன் சக்கரம் இழுப்பதும் ஸ்டியரிங்கில் கைக்குத் தெரியும். வழுக்கினாலும் ஒன்று விட்டால் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். பழைய தடத்தில் போகாமல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தள்ளிப் புதுத் தரையில் போக வேண்டும் என்பதை நானே கண்டுபிடித்தேன். இரண்டு டிரம் தண்ணீர் ஏழு மணிக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிடும்.

கூடைக்காரப் பெண்களுக்குத் தலைவி மாதிரி ஒருத்தி இருந்தாள். வாய் கொஞ்சம் அதிகம். முதல் நாள் ஒரு செம்பு மொண்டு குடித்துவிட்டு, "இன்னா டிரைவரு, தண்ணி இப்டி ஜில்லுன்னு இருக்குது. வழியில ஐஸு எதனா போட்டியா?" என்றாள்.

கிணற்றுத் தண்ணீர் அத்தனை குளிர்ச்சி என்பதே அங்கே இருந்தவர்களுக்கு அதுவரை தெரியாது. மாட்டு வண்டியில் அது வெந்நீராகத்தான் வந்து சேரும்.

பிறகு நான் செய்த தப்பு.

பாத்தியிலிருந்து திரும்பியதும் முதலாளியைத் திண்டிவனத்துக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. அவர் பட்டுச் சட்டையோடு ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். நான் குச்சிகளில் மூன்றாவதை மட்டும் எடுத்துவிட்டு, முன் சக்கரத்தை அப்படியே சேர்த்து வைத்தே தார் ரோட்டில் ஓட்டினேன். மறந்து இல்லை. சேற்றில் இரண்டு சக்கரத்தைவிட நாலு நல்லது என்றால் ரோட்டிலும் நாலு நல்லதுதானே என்று நினைத்தேன், அதுவும் முதலாளி உட்கார்ந்திருக்கும்போது. அந்த வாரம் முழுக்க அப்படித்தான் ஓட்டினேன். ஸ்டியரிங் கல் மாதிரி இருந்தது. திருப்பும்போது வண்டியைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல முக்கியது. புது வண்டி, பழகினால் சரியாகிவிடும் என்று இருந்தேன்.

ஒரு நாள் பெருமுக்கல் பக்கம் வரும்போது பெட்ரோல் தீர்ந்து நின்றுவிட்டது. இரண்டு நாள் முன்புதான் நிரப்பியது. பெட்ரோல் விலை திடீரென்று ஏறி, எல்லாரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த சமயம் அது. முதலாளி ஒரு புளியமரத்தடியில் ஒன்றரை மணி நேரம் நின்றார். நான் ஒரு லாரியில் ஏறிப் போய் டின்னில் வாங்கி வந்தேன். அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவர் என்ன நினைத்தாரோ, வண்டியை நேரே திண்டிவனத்தில் ஒரு மெக்கானிக்கிடம் விடச் சொன்னார்.

மெக்கானிக் டயரைத் தடவிப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். "இத போட்டுக்கினா ரோட்டுல வந்தீங்க?" என்றார்.

நான் தலையாட்டினேன். குச்சியை எடுக்கப் பார்த்தேன், அது வரவில்லை. இறுகிப்போயிருந்தது.

"பத்தடி ரிவர்ஸு போய்யா, தானா கழண்டுக்கும்."

போனேன். கழன்றது. அவர் முதலாளியிடம் திரும்பி, "தார் ரோட்டுல இத போட்டு ஓட்டினா பெட்ரோலயும் குடிக்கும், டயரயும் தின்னும், உள்ள இருக்கிற பல்லும் போயிடும். சேத்துல போடறதுக்குத்தாங்க இது" என்றார்.

முதலாளிக்கு முதல் பாதிதான் காதில் விழுந்தது. பெட்ரோலைக் குடிக்கும், டயரைத் தின்னும். கடைசியில் சொன்னதைச் சொல்வதற்குள் அவர் பர்ஸை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

எங்கள் அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. நம்பிக்கை இல்லாத இடத்திலெல்லாம் ஈயம் வைப்பார்கள். குடோன் கதவில் மெல்லிய கம்பியைக் கோத்து, அதன் முனையில் ஈய வில்லையை வைத்துக் குறடால் நசுக்கினால் முதலாளியின் எழுத்து அதில் பதியும். கம்பியை அறுக்காமல் கதவைத் திறக்க முடியாது, அறுத்தால் தெரிந்துவிடும். தராசில் ஈயம், உப்புத் தண்ணீர் இறைக்கிற இஞ்சினின் டீசல் மூடியில் ஈயம். ஒரு சமயம் ஆபீஸ் கடிகாரத்தின் சாவித் துவாரத்திலும் ஈயம் இருந்தது. யாரோ நேரத்தைத் தள்ளி வைக்கிறார்கள் என்று சந்தேகம்.

திண்டிவனத்திலிருந்து வந்ததும் முதலாளி கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, "அந்தக் குறட எடுத்தாங்க" என்றார். இரண்டாவது குச்சியையும் மூன்றாவது குச்சியையும் பின்னால் தள்ளி, இரண்டையும் சேர்த்துக் கம்பியால் சுற்றி, சீட்டின் இரும்புக் காலோடு கட்டி, ஈயம் வைத்து நசுக்கினார்கள். நான் வண்டிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இனிமே இத யாரும் தொடக்கூடாது. வண்டி ரெண்டு சக்கரத்துல போனா போதும். லாரி எல்லாம் நாலுலயா போகுது?"

சேற்றில் அது வேண்டும் முதலாளி. இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. நாலு வார்த்தை. "முதலாளி..." என்று ஆரம்பித்தேன்.

"இன்னா?"

"ஒன்னுமில்லிங்க."

தப்புச் செய்தவன் நான். என்னால்தான் அவர் புளியமரத்தடியில் நின்றார். ஆனால் அது மட்டும் காரணம் என்று சொன்னால் பொய். தப்பே செய்யாத விஷயங்களிலும் நான் அப்படித்தான் நின்றிருக்கிறேன்.

அதற்குப் பிறகு தண்ணீர் கொண்டுபோவது தினம் ஒரு வித்தையாகிவிட்டது. இறக்கத்துக்கு முன்னால் நிறுத்தி, நாலு டயரிலும் பாதிக் காற்றைப் பிடுங்கிவிடுவேன். டயர் சப்பையாகி அகலமாகத் தரையில் உட்காரும். திரும்பி வந்ததும் கைப்பம்பால் அடிக்க வேண்டும். சட்டை முழுக்க நனைந்துவிடும். உப்புக் குவியலை மூடிப் பழசான பனையோலைகளை மனைவி வாரி வந்து போட்டு வைப்பாள். அதன் மேல் ஓட்டுவேன். மெதுவாகப் போனால் நின்றுவிடும் என்று இப்போது வேகமாக ஓடி விழ வேண்டியிருந்தது. அது வண்டிக்கும் கெடுதல், டிரம்முக்கும் கெடுதல். ஒரு தடவைக்கு ஒரு டிரம் என்று இரண்டு நடை போனேன். வண்டி எப்படியோ போனது. போனதால் முதலாளி, பார்த்தாயா, அந்தக் குச்சி இல்லாமலே போகிறதே என்றார்.

கூடைக்காரி அந்தக் கம்பியை எட்டிப் பார்த்துவிட்டு, "பொண்டாட்டி வாயக் கட்ட முடியாதவன் கியரப் புடிச்சு கட்டி வச்சிருக்கான்" என்றாள். முதலாளி வீட்டுச் சங்கதி எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு முழுக்கப் பாத்தியில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

சித்திரைப் பௌர்ணமி முடிந்து இரண்டாம் நாள். காலையில் ஆபீசுக்குப் போனதும் கணக்குப்பிள்ளை, "இன்னிலேர்ந்து ரெண்டு டிரம்மும் ஒரே நடையில போயிடணும். ரெண்டு நடைக்குப் பெட்ரோல் ஆவுதுன்னு முதலாளி சொல்லிட்டாரு" என்றார்.

"கழித் தண்ணி ஏறியிருக்குதுங்க."

"அத அவருகிட்ட சொல்லு."

முதலாளி உள்ளேதான் இருந்தார். வாசல் வரை போனேன். அவர் யாரோ இரண்டு பேரிடம் பேசிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. திரும்பி வந்து இரண்டு டிரம்மையும் நிரப்பி, கயிற்றால் கட்டி, மேலே பலகை மூடி போட்டு, ஈரச் சாக்கை விரித்துக்கொண்டு கிளம்பினேன்.

இறக்கத்தில் போட்டிருந்த ஓலைகளைக் கழித் தண்ணீர் கொண்டுபோயிருந்தது. தரை பளபளவென்று இருந்தது. காற்றைப் பிடுங்கிவிட்டு, பின்னால் வாங்கி, வேகம் பிடித்து இறங்கினேன். அறுபது கெஜம் போயிருப்பேன். பின் சக்கரத்தின் சத்தம் மெலிந்தது. டயரின் பள்ளங்களில் களிமண் அப்பி, மொழுமொழுவென்று ஆகி, இருந்த இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது. நின்றுவிட்டேன்.

எதிரே அரை மைலில் ஆட்கள் தெரிந்தார்கள். நிமிர்ந்து நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்து வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கம்பி என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. ஈர்க்குச்சி கனம்கூட இருக்காது. சீட்டுக்கு அடியில் ரிப்பேர்க் குறடு ஒன்று இருந்தது. அப்போது வண்டி அதிகம் புதைந்திருக்கவில்லை. அந்த நேரத்தில் அறுத்து, இரண்டு குச்சியையும் தள்ளியிருந்தால் அது எழுந்து போயிருக்கும். இரண்டு மாதம் அதை அந்த மண்ணில் ஓட்டியவன் நான், எனக்குத் தெரியும். குறடைக் கையில் எடுத்தேன். திரும்பக் கீழே வைத்தேன். ஈயத்தில் முதலாளியின் எழுத்து இருந்தது.

அதற்குப் பதில் ரிவர்ஸ் போட்டேன். பிறகு முதல் கியர். மறுபடி ரிவர்ஸ், மறுபடி முதல் கியர். ஊஞ்சல் மாதிரி ஆட்டினால் சில சமயம் ஏறிவிடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பின் சக்கரம் இன்னும் கொஞ்சம் கீழே போனது. கறுப்புச் சேறு பின்னால் வாரி அடித்தது.

பாத்தியிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் காலிக் குடங்களோடு நடந்து வந்துவிட்டார்கள். கூடைக்காரி முன்னால் வந்தாள். என் மனைவி பின்னால் நின்றாள்.

"இன்னாத்துக்கு இப்டி ஆட்டிக்கினு இருக்கிற? அந்தக் கம்பிய அறுயா."

"முதலாளி ஈயம் வச்சிருக்காரு."

"ஈயமா தண்ணி குடிக்கப் போவுது? அங்க ரெண்டு பேருக்குக் கண்ணு இருட்டிக்கினு வருது."

"குடத்துல மொண்டுக்குங்க" என்றேன்.

"மொள்றதுக்கு வண்டிய முதல்ல நிறுத்து" என்றாள்.

நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் ஒரே ஒரு தடவை என்று எனக்குத் தோன்றியது. இத்தனை பேர் எதிரில் அந்த வண்டியைச் சேற்றில் விட்டுவிட்டு இறங்க மனம் வரவில்லை. முதல் கியரைப் போட்டு முழுக்க மிதித்தேன். பின்பக்கம் இடது சக்கரம் பொத்தென்று இறங்கியது. வண்டி சாய்ந்தது. ஆட்டியதில் தளர்ந்திருந்த கயிறு நழுவி, பின் டிரம் சரிந்து பக்கத் தகரத்தில் மோதியது. மூடி பறந்து விழுந்தது. தண்ணீர் அப்படியே கொட்டியது.

ஓடி வந்து குடங்களைப் பிடித்தார்கள். மூன்று குடம் பிடித்திருப்பார்கள். மற்றதெல்லாம் உப்புச் சேற்றில் போனது. முன் டிரம்மும் சாய்ந்து பாதிக்கு மேல் வழிந்துவிட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை. கூடைக்காரி சேற்றில் விழுந்த மூடியை எடுத்துத் துடைத்தாள்.

பிறகுதான் கம்பியை அறுத்தேன். சுலபமாக அறுந்தது. இரண்டு குச்சியையும் தள்ளி, கிளட்சை விட்டேன். முன் சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றி அதுவும் இறங்கியது. வண்டியின் வயிறு தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தது. அதற்கப்புறம் நாலு சக்கரமும் இழுத்து ஒன்றும் ஆகாது. அந்தக் குச்சி சேற்றில் இறங்குவதற்கு முன்னால் போட வேண்டியது. எந்த நேரத்தில் போட வேண்டும், எடுக்க வேண்டும் என்று மெட்ராஸில் அந்த மனிதர் சொன்னது இதுவாகத்தான் இருக்கும்.

டிரம்மில் மிஞ்சியதையும் சேர்த்து எட்டுக் குடம் தேறியது. நாற்பது பேருக்கு ஆளுக்கு இரண்டு செம்பு. பதினொரு மணிக்கு வேலையை நிறுத்திவிட்டு எல்லாரும் கிணற்றைப் பார்த்து நடந்தார்கள். வயதான ஒருவர் பாதி வழியில் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் கைத்தாங்கலாக அழைத்துப் போனார்கள். நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். என்னைத் தாண்டிப் போகும்போது மனைவி தன் தூக்குச் சட்டியில் வைத்திருந்த தண்ணீரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் பிரம்மதேசத்திலிருந்து இரண்டு ஜோடி மாடு கொண்டுவந்து கட்டி இழுத்தார்கள். மாடுகள் முழங்கால் அளவு சேற்றில் நின்று, தலையைத் தாழ்த்தி, ஒரு பெரிய மூச்சு விட்டு இழுத்தன. வண்டி வந்துவிட்டது. முதலாளி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி மேலே ஏறியதும் அவர் சக்கரத்தைப் பார்க்கவில்லை, சேற்றைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து நேரே குச்சியைத்தான் பார்த்தார்.

"யாரு அறுத்தது?"

"நான்தாங்க."

"யாரக் கேட்டு அறுத்த?"

கூடைக்காரி தூரத்தில் நின்று வாயைத் திறந்தாள். என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். எல்லாரும் நான் பேசுவேன் என்று நின்றார்கள்.

"முதலாளி, பாத்திக்குத் தண்ணி போவணும்னா அந்தக் குச்சி வேணுங்க. அது இல்லாம இந்த வண்டி போவாதுங்க."

இதைச் சொல்லும்போது நான் அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. நான் சொன்னதை யோசித்தார் என்றே நினைக்கிறேன். மாட்டுக்காரர் மாடுகளின் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். முதலாளி அவர் பக்கம் திரும்பினார்.

"ஏம்பா, நாளையிலேர்ந்து தினம் தண்ணிக்கு வண்டி கட்டிக்கினு வர்றியா?"

"வர்றேனுங்க."

"அவ்ளோதான். தண்ணி போவணும், போயிடும். நீ ரோட்டுல மட்டும் ஓட்டு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நான் கேட்டது பாதி கிடைத்துவிட்டது. தண்ணீர் போகும். மறுநாள் காலையில் கணக்குப்பிள்ளை குறடோடு வந்து புதுக் கம்பி கட்டினார். "இந்தத் தடவ நல்ல கம்பியா போட்டிருக்கறன்பா" என்றார்.

வீட்டில் அடுப்பு மூட்டும்போது மனைவியிடம் சொன்னேன். அந்த வண்டியால் முடியும், நான் எத்தனை நாள் ஏழு மணிக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன், அதை இப்படிக் கட்டிப்போட்டுவிட்டு முடியாது என்கிறார்களே என்று. நிறைய பேசினேன். வெளியில் வராத பேச்செல்லாம் அவளிடம்தான் வரும்.

அவள் ஊதாங்குழலைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு வண்டி போச்சேன்னு இருக்குதா, எங்க தண்ணி போச்சேன்னு இருக்குதா?"

நான் ஒரு விறகை எடுத்து அடுப்புக்குள் தள்ளினேன். அவள் காத்திருந்து பார்த்துவிட்டு மறுபடி ஊத ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் அந்த வண்டியைத் தார் ரோட்டில் மட்டும்தான் ஓட்டினேன். திண்டிவனம், வானூர், சில நாள் புதுச்சேரி. நிற்கிற இடத்திலெல்லாம் யாராவது வந்து சுற்றிப் பார்ப்பார்கள். உயரமாக, முரட்டுத்தனமாக, டயரெல்லாம் பட்டை பட்டையாக இருக்குமே. "இது சேத்துலயெல்லாம் போவுங்களா?" என்று கேட்பார்கள். முதலாளி, "சேறு, மணலு, எதுல வேணா போகும். கம்பெனிலயே அப்டித்தான் செஞ்சி வருது" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பினார். குச்சியில் தொங்கும் ஈயத்தைக் கேட்டால், "அது டிரைவருங்க தொடாம இருக்கறதுக்கு" என்பார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருப்பேன்.

மாட்டு வண்டிக்காரர் பிரம்மதேசத்திலிருந்து வந்து, தனியாகக் கிணற்றில் இறைத்து, நிரப்பிக்கொண்டு கிளம்புவதற்கே எட்டு மணி ஆகிவிடும். பாத்திக்குப் போய்ச் சேர ஒன்பதரை. சில நாள் பத்து. முதலாளி ஒன்பதுக்குத்தான் ரோட்டுக்கு வருவார். அதனால் நான் விடியும்போதே வந்து, அளத்தின் இரண்டு டிரம்மையும் இறைத்து நிரப்பி, மணல்மேட்டின் மேல் தூக்கி வைத்திருந்த பலகையில் தயாராக வைத்துவிடுவேன். வண்டிக்காரர் வந்ததும் ரப்பர் குழாயைப் போட்டுத் தன் பீப்பாயில் இறக்கிக்கொள்வார். அவர் ஒரு பீடி கொடுப்பார்.

இப்படிச் செய்ததில் தண்ணீர் எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தது. மாடு நன்றாக நடந்த நாளில் எட்டேகால். ஏழு மணிக்கு ஒரு நாளும் போகவில்லை.